கனகம் வீட்டில் இல்லை

— இல்லைப் பிள்ளை சந்திரகலா, இவரின்ர கையிலை ஒரு குறையும் இல்லை. நீர் சொல்லித் தந்த மாதிரி இடக்கை விரலெல்லாம் இப்ப வடிவா மடங்குது. என்னைத்தான் ஆரெண்டு தெரியேல்லையாம்.

— பெலான்-பெலான் ஆன்டி, மெதுவா சொல்லுங்க, பதறாதீங்க. யாரைத் தெரியலையாம்? உங்களையா?

— என்னைத்தான். இவ்வளவு வருசம் சமைச்சுப் போட்ட கனகேஸ்வரியைத்தான். முந்தநாள் காலமை தேத்தண்ணி கொண்டுபோய்க் குடுக்கிறன். கோப்பையை வாங்கி மேசையிலை வைச்சுப்போட்டு, "நீங்கள் ஆர்? என்ர மனுசி எங்கை?" எண்டு கேக்கிறார். கலியாணம் கட்டின நாளிலையிருந்து அவர் என்னை "நீர், உமக்கு" எண்டுதான் கதைக்கிறவர். அண்டைக்குத்தான் முதல்முதலா "நீங்கள்" எண்டார். அந்த மரியாதையைக் கேட்டுத்தான் பிள்ளை எனக்கு நெஞ்சு திடுக்கிட்டுப் போச்சு.

— மத்தவங்களைத் தெரியுதா?

— எல்லாரையும் தெரியுது. ஒஸ்திரேலியாவிலை இருக்கிற மகன் ஜெயராஜின்ர படத்தைப் பாத்துப் பேர் சொல்லுறார். சர்வே டிப்பார்ட்மெண்டிலை இவரோடை இருந்து வரைபடம் கீறின ஆக்களை ஒருத்தர் விடாமல் சொல்லுறார். போன வருசம், எண்பத்தாறிலை பென்சன் எடுத்ததும் ஞாபகம். என்னைத்தான் மேலும் கீழும் பாக்கிறார். "முகம் அவாவின்ர முகம்தான். நாடியிலை மச்சமும் சரியான இடத்திலை கிடக்கு. வடிவாத்தான் செய்து அனுப்பியிருக்கினம்" எண்டார்.

— அப்படியேவா சொன்னாரு?

— அப்பிடியே சொன்னார். அதுக்கு மேலை ஒரு புதினம் கேளும். நேற்று அரிசி வாங்க, இப்ப நான் நிண்டு கதைக்கிற இந்தச் சின்னையாவின்ர கடைக்கு வந்தனான். கடையிலை சனம். நேரம் போகுதே, அவர் பயப்பிடுவாரே எண்டு இஞ்சையிருந்து வீட்டுக்கு ரெலிபோன் அடிச்சன். எடுத்தார். என்ர குரலைக் கேட்ட உடனை, "கனகம்! நீர் எங்கை போனனீர்?" எண்டு விக்கி விக்கி அழுகிறார். அரிசியையும் விட்டுப்போட்டு ஓடிப்போய்க் கதவைத் திறக்கிறன். "வாங்கோ, என்ர மனுசி இப்பத்தான் ரெலிபோன் எடுத்தவா" எண்டு எனக்கே சொல்லுறார்.

— ஆன்டி, அழாதீங்க. கேளுங்க. இது சீக்குதான் லா, பேய் பிசாசு ஒண்ணும் இல்ல. மூளையில ரத்தம் அடைச்சவங்கள்ல எங்கேயோ ஒருத்தருக்கு இப்படி ஆகும்னு படிச்சிருக்கேன். அங்கிளோட கண்ணு உங்க முகத்தைப் பார்க்குது. பார்த்ததும் "இது நம்ம ஆளு"ன்னு மனசுல ஒரு மணி அடிக்கணும் இல்லையா? அந்த மணிக்குப் போற வயர் அறுந்து போச்சு. காதுல இருந்து போற வயரு நல்லா இருக்கு. ஆனா நேர்ல பார்க்கிறப்போ மூளை கண்ணைத்தான் நம்பும்.

— அப்ப நான் வெறும் குரலோ, பிள்ளை?

— குரலாவது இருக்கேன்னு நினைச்சுக்குங்க. எனக்கு ஒரு யோசனை வருது. எங்க ஆஸ்பத்திரியில கைக்குத் தனிப் பயிற்சி, மூளைக்குத் தனிப் பயிற்சி. நான் ரெண்டையும் சேர்த்துச் செய்யணும்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருக்கேன். அங்கிள் இனி உங்ககூடக் கார்ல ஏறி ஆஸ்பத்திரிக்கு வர மாட்டாரு. எனக்கும் அடிக்கடி கிள்ளானுக்கு உங்க வீட்டுக்கு வர முடியாது. அதனால நீங்க தினம் கடையிலேருந்து அவருக்குப் போன் போடுங்க. பிளாஸ்க்லேருந்து தண்ணி ஊத்தித் தேத்தண்ணி கலக்கச் சொல்லுங்க, சட்டைப் பட்டன் போடச் சொல்லுங்க. அடுத்து என்ன செய்யப் போறார்னு முதல்ல அவர் வாயால சொல்லணும். அப்புறம்தான் கை செய்யணும். இடது பக்கம் என்னென்ன இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருங்க. அந்தப் பக்கத்தை அவர் மூளை மறந்து மறந்து போகும்.

— இவ்வளவும் ரெலிபோனிலையோ?

— ஆமா. முடிஞ்சதும் போனை வச்சிட்டு நேரா வீட்டுக்குப் போய், விட்ட இடத்திலேருந்து அதே பேச்சைத் தொடருங்க. குரலும் முகமும் பெலான்-பெலானா ஒட்டிக்கும். ஒண்ணே ஒண்ணு ஆன்டி. பொய் மட்டும் சொல்லாதீங்க. கடையில இருக்கேன், வீட்ல இருக்கிறதும் நான்தான்னு ஒவ்வொரு தடவையும் சொல்லிடுங்க.

*

— கனகம்?

— ஓம், நான்தான். சாப்பிட்டியளோ?

— அந்த மனுசி தந்தவா. புளிக்குழம்பு அச்சா உம்மட கைப்பதம்தான். ஆனால் நீர் இல்லையே.

— சரி, அதை விடுங்கோ. ரிசீவரைத் தோளிலை இடுக்கிக்கொள்ளுங்கோ. மேசையிலை என்ன இருக்கு?

— சீனிப் போத்தல். கரண்டி. கோப்பை.

— இடப்பக்கம்?

— இடப்பக்கம் ஒண்டும் இல்லை.

— தலையைத் திருப்பிப் பாருங்கோ. இன்னும். இன்னும் கொஞ்சம்.

— அட! பிளாஸ்க் நிக்குது. ஆர் இதைக் கொண்டுவந்து வைச்சது?

— அது எப்பவும் அங்கைதான் நிக்குது. இப்ப என்ன செய்யப் போறியள்? சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ.

— இடக்கையாலை கோப்பையைப் பிடிக்கப் போறன். பிடிச்சிட்டன். வலக்கையாலை தண்ணி ஊத்தப் போறன்... ஊத்துறன்... கனகம், நான் ஊத்திப்போட்டன்! மேசையிலை ஒரு துளி சிந்தேல்லை!

— என்ர ராசா. கெட்டிக்காரன்.

— நீர் பாக்கேல்லையே. எங்கை நிண்டு கதைக்கிறீர்?

— சின்னையாவின்ர கடையிலை.

— பொய்.

— பொய்யில்லை. நாலு வாசல் தள்ளி நிக்கிறன். வீட்டிலை உங்களுக்குச் சமைச்சுத் தாறதும் நான்தான்.

— நீர் கடையிலை நிக்கிறீரெண்டால் இஞ்சை வந்து போறது ஆர்? ஆளைப் பாத்தால் எனக்குத் தெரியாதோ? நீரும் அவையோடை சேர்ந்திட்டீர் போலை. உம்மையும் பிடிச்சு வைச்சுச் சொல்லச் சொல்லுகினமோ? எனக்கு இந்தக் கையும் வேண்டாம், தேத்தண்ணியும் வேண்டாம். நான் வைக்கிறன்.

— வையாதேங்கோ! வையாதேங்கோ... நான் சிரம்பானிலை நிக்கிறன்.

— சிரம்பானிலையோ?

— ஓம். தங்கச்சி மீனலோசனி வீட்டிலை. அவளுக்குச் சுகமில்லை.

— அதை முதலே சொல்லுறதுக்கென்ன? அப்ப இந்த மனுசி?

— அவாவை நான்தான் அனுப்பினனான். உங்களைப் பாத்துக்கொள்ள. நல்ல மனுசி. தாறதைச் சாப்பிடுங்கோ, அவா சொல்லுறதைக் கேளுங்கோ.

— நீர் அனுப்பினதெண்டால் சரி. நான் என்னவோ ஏதோ எண்டு பயந்துபோனன். அவாவின்ர பேர் என்ன?

— பேரோ... அவாட்டையே கேளுங்கோவன்.

— கனகம், ஒண்டு சொல்லட்டோ? நீர் வீட்டிலை இருக்கேக்கை நான் உம்மோடை முகம் குடுத்துக் கதைச்சதே இல்லை என்ன? கந்தோர் வேலை, பேப்பர், சாப்பாடு, நித்திரை. இப்ப நீர் இல்லாத வீட்டிலை இருந்து எல்லாம் யோசிக்கிறன். ஈப்போவிலை நாங்கள் முதல் இருந்த குவார்ட்டர்ஸிலை, நீர் நீலச் சீலை கட்டிக்கொண்டு தோட்டத்து நாரத்தையைப் பிடுங்குவீர். நான் ஜன்னலாலை பாத்துக்கொண்டு நிப்பன். ஒருநாளும் சொன்னதில்லை. வடிவா இருந்தனீர். கேக்குதோ?

— கேக்குது. சொல்லுங்கோ. நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்.

*

— உக்காருங்க ஆன்டி. பிரிக்பீல்ட்ஸ்ல மழை வந்தா இந்தக் கடையில மட்டும்தான் ஒழுகாத மேசை இருக்கும். இந்தாங்க, அங்கிள் கைக்கு வச்சுக் கட்டுற பட்டை. தூங்கும்போது மட்டும் கட்டுங்க. வீட்ல இப்ப அவர்கூட யார் இருக்கா?

— ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. மத்தியானம் சாப்பிட்டால் பின்னேரம் வரைக்கும் நல்ல நித்திரை. முன்கதவு பின்கதவு ரெண்டையும் பூட்டிப்போட்டு வந்தனான். பஸ் பிடிச்சு ஓடிப் போயிடுவன்.

— சரி, ரயில் போகட்டும், அப்புறம் பேசுவோம். இந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது... ம். நேத்து நானே அங்கிளுக்குப் போன் போட்டேன் ஆன்டி.

— அப்பிடியோ?

— கை எப்படியிருக்குன்னு கேட்டேன். பட்டன் அஞ்சையும் தானே போடுறாராம். வீட்டோட இடது பக்கச் சாமானெல்லாம் வரிசையா சொன்னாரு. எங்க டாக்டரே நம்ப மாட்டாரு, அவ்வளவு நல்லா வந்திருக்காரு. அப்புறம் ஆன்டி எங்கேன்னு கேட்டேன். சிரம்பானுக்குப் போயிருக்கீங்கன்னாரு. நான் என்ன சொன்னேன்? பொய் மட்டும் வேணாம்னு சொன்னேனா இல்லையா?

— சொன்னனீர். ஆனால் உண்மையைச் சொன்னால் அவர் ரெலிபோனை வைக்கிறார். பொய்யைச் சொன்னால் கையைத் தூக்குறார். நான் என்ன செய்ய?

— அது ஒரு நாளைக்குச் சரி. அதுக்கப்புறமும் ஏன்?

— நீர் கலியாணம் கட்டேல்லை, உமக்கு விளங்காது. பிள்ளை, அவர் ரெலிபோனிலை என்னோடை ஆசையாக் கதைக்கிறார். நான் எந்தச் சீலை கட்டினால் வடிவெண்டு சொல்லுறார். எனக்குப் பாவம் செய்துபோட்டன் எண்டு அழுகிறார். ரெலிபோனை வைச்சுப்போட்டு வீட்டுக்குப் போனால் வாசலிலை நிக்கிறது ஒரு வேலைக்காரி. எனக்கு அந்தக் குரல் வேணும். அதுக்காகச் சொன்னனான்.

— புரியுது ஆன்டி. திட்டணும்னு வரல.

— இப்ப என்னண்டால் நானும் மாறிப்போனன். வீட்டுக்குள்ளை சத்தம் போடாமல் நடக்கிறன். முந்தநாள் என்ர அலுமாரியிலையிருந்து என்ர சீலையை எடுக்க, "எடுக்கட்டோ?" எண்டு அவரைக் கேட்டன். அவர் "மனுசியைக் கேட்டுச் சொல்லுறன்" எண்டார். நானும் சரியெண்டு திரும்பி வந்திட்டன்.

— ஆன்டி...

— அது போகட்டும். இன்னொண்டு. அந்த மனுசி பின்பக்கத்திலை உடுப்புத் தோய்க்கேக்கை பாட்டுப் பாடுறாவாம். நல்ல குரலாம். பிள்ளை, நான் பாடுறதில்லை. அம்மா செத்த நாளிலையிருந்து நான் வாய் திறந்து ஒரு வரி பாடினதில்லை.

— மூளை ஓட்டையை அடைக்கிறதுக்குக் கதை கட்டும் லா. அடிபட்ட மூளை அப்படித்தான்.

— நானும் அப்பிடித்தான் நினைச்சன். நேற்று ரெலிபோனிலை கதைச்சுக்கொண்டிருக்கேக்கை, "அவா முன்னுக்கு இருந்து என்னையே பாத்துக்கொண்டிருக்கிறா, மெதுவாக் கதையும்" எண்டார். நான் கடையிலை நிக்கிறன். அவர் ஆரைப் பாத்து அப்பிடிச் சொன்னார்?

— உங்க கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு? தேத்தண்ணியைக் குடிங்க முதல்ல. ஆன்டி, நான் படிச்ச பொண்ணுதான், ஆனா ஒண்ணு சொல்றேன். நீங்க ஒரு ஆளை அந்த வீட்டுக்குள்ள வச்சிட்டீங்க. வாயால வச்சிட்டீங்க. வாயாலதான் எடுக்கணும். இன்னைக்கே அவர்கிட்ட உண்மையைச் சொல்லுங்க. கத்துவாரு, போனை வைப்பாரு, ரெண்டு நாள் கையைத் தூக்க மாட்டாரு. பரவால்ல. சனிக்கிழமை நான் வந்து பார்த்துக்கிறேன்.

— இண்டைக்கேயோ?

— இன்னைக்கே. இனிமே ஒரு நாளும் தள்ளாதீங்க.

*

— என்னக்கா, பஸ்ல இருந்து இறங்கி வரீங்க?

— பிரிக்பீல்ட்ஸுக்குப் போனனான் சின்னையா. இவரின்ர கைக்குப் பயிற்சி குடுக்கிற சந்திரகலாவைப் பாக்க. அங்கை நல்ல மழை.

— எப்ப போனீங்க?

— மத்தியானமே போயிட்டன். ஏன்?

— இல்ல... இப்ப ஒரு பத்து நிமிசம் இருக்கும். மழை வர்ற மாதிரி இருந்துச்சா, நான் வெளியில இருந்த அரிசி மூட்டையை உள்ள தள்ளிக்கிட்டு இருந்தேன். நீங்க உங்க வீட்டு வாசல்ல நின்னு கொடியில துணி எடுத்துக்கிட்டிருந்தீங்க. கை காட்டினேன். நீங்களும் தலையாட்டினீங்களே லா.

— நானோ?

— நீங்கதான். நீலச் சேலை.

— சின்னையா, நான் கட்டியிருக்கிறது என்ன நிறம்?

— பச்சை... அட, கண்ணு கூசியிருக்கும்க்கா. எனக்கும் வயசாகுதுல்ல. யாராச்சும் அக்கம்பக்கத்துப் பொம்பளையா இருக்கும்.

— ரெண்டு கதவும் பூட்டிக் கிடக்கு. திறப்பு இஞ்சை என்ர கைப்பையிலை இருக்கு.

— அப்ப நான் பார்த்தது வேற வீடாத்தான் இருக்கும். போய்ப் பாருங்கக்கா, அண்ணன் எழுந்திருச்சிருப்பாரு.

— இல்லை. ரெலிபோனை ஒருக்காத் தாருங்கோ.

— நாலு வாசல்தானக்கா?

— தாருங்கோ சின்னையா. முதல் அடிச்சுப் பாக்கிறன்.

— இந்தாங்க, எடுத்துக்குங்க. நம்பரை நான் சுத்தட்டுமா?

— வேண்டாம்... அடிக்குது... அடிக்குது...

— ஹலோ.

— இஞ்சேருங்கோ, நான்தான்.

— கனகமோ? சிரம்பானிலையும் மழையோ? சத்தம் கேக்குது.

— சிரம்பான் இல்லை. நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். கோவிக்காதேங்கோ, ரெலிபோனை வையாதேங்கோ, சொல்லி முடிக்க விடுங்கோ. நான் ஒருநாளும் சிரம்பானுக்குப் போகேல்லை. தங்கச்சிக்கு ஒரு வருத்தமும் இல்லை. எல்லா நாளும் சின்னையாவின்ர கடையிலையிருந்துதான் கதைச்சனான். உங்களுக்குத் தேத்தண்ணி தந்ததும் நான்தான், முதுகு தேய்ச்சதும் நான்தான். வேறை ஒரு மனுசியும் இல்லை. அப்பிடி ஒராள் இல்லவே இல்லை. கேக்குதோ?

— கேக்குது.

— கோவமோ?

— கோவமில்லை. யோசிக்கிறன். அப்பிடி ஒராள் இல்லையெண்டால், இப்ப குசினிக்கை நிண்டு பாடுறது ஆர்?

— ஒருத்தரும் இல்லை! உங்களுக்குக் காதிலை கேக்குது, அவ்வளவுதான். மெல்லத் தலையை இடப்பக்கம் திருப்புங்கோ. என்ன இருக்கெண்டு ஒண்டொண்டாச் சொல்லுங்கோ.

— அலுமாரி.

— ஓம்.

— மணிக்கூடு. ஜெயராஜின்ர படம்.

— ஓம், பேந்து?

— குசினி வாசல். வாசலிலை அவா நிக்கிறா. சீலைத் தலைப்பிலை கையைத் துடைச்சுக்கொண்டு.

— பாக்காதேங்கோ! மற்றப் பக்கம் திரும்புங்கோ!

— நீர்தானே இடப்பக்கம் பாக்கச் சொன்னனீர்? கிட்ட வாறா. சிரிக்கிறா. என்ர இடக்கையைப் பிடிக்கிறா... ஆ!

— என்ன? என்ன செய்யிறா?

— சூடு தெரியுது. இந்தக் கையிலை சூடு தெரியுது! வருத்தம் வந்த நாளிலையிருந்து சூடு குளிர் தெரியாமல் மரத்துக் கிடந்த கை... கனகம்? கனகம்! நீர் எப்ப வந்தனீர்?

— நான் வரேல்லை! நான் இஞ்சை நிக்கிறன்!

— எங்கையப்பா இவ்வளவு நாளும் போயிருந்தனீர்? உம்மை நான் எவ்வளவு தேடினனான் தெரியுமே?

— என்னோடை கதையுங்கோ! ரெலிபோனிலை கதையுங்கோ! என்ர குரல் தெரியேல்லையோ உங்களுக்கு?

— ஹலோ. மன்னிக்க வேணும். நீங்கள் ஆர் கதைக்கிறியள்?

— என்ன "நீங்கள்" எண்டுறியள்? ஐயோ, நான் கனகம். உங்கட கனகம்.

— குரல் அவாவின்ர குரல் மாதிரித்தான் கிடக்கு. வடிவாத்தான் கதைக்கிறியள். ஆனால் என்ர மனுசி இஞ்சை எனக்குப் பக்கத்திலை நிக்கிறா.

— ஈப்போ குவார்ட்டர்ஸ்... நாரத்தை மரம்... நீங்கள் ஜன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டது... எனக்கு எல்லாம் தெரியும், கேளுங்கோ!

— அதெல்லாம் நான் உங்களுக்கு ரெலிபோனிலை சொன்னது.

— ஐயோ கடவுளே...

— அழாதேங்கோ. பொறுங்கோ, அவாட்டையே குடுக்கிறன். இந்தாரும் கனகம், ஆரோ ஒரு மனுசி, பாவம், அழுகிறா. நீர் ஒருக்காக் கதையும்.

— ஹலோ, கனகேஸ்வரி கதைக்கிறன். ஓம், இவர் எல்லாம் சொன்னவர். நான் இல்லாத நேரம் வந்து நல்லாப் பாத்துக்கொண்டியளாம், பெரிய உபகாரம். இனி நீங்கள் வரத் தேவையில்லை, நான் வந்திட்டன்.